ஒரு கணினியில் இணையம் வருது, இன்னொன்றில் வரல... எங்கே தேடுவது?

ஞாயிறு இரவு 10 மணி. நாளை காலை 9 மணிக்கு உங்களுக்கு இணையம்வழி வேலை நேர்காணல். ஹாலில் இருக்கும் கணினியில் அப்பா நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு தடங்கலும் இல்லை. உங்கள் அறையில் இருக்கும் மடிக்கணினி மட்டும் "இணையம் இல்லை" என்கிறது.

வீட்டில் எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

கொஞ்சம் பொறுங்கள். பாதி விடை உங்கள் கையில் இருக்கிறது.

ஹாலில் இருக்கும் கணினி வேலை செய்கிறது என்றால், வீட்டுக்குள் வரும் இணைப்பு நன்றாக இருக்கிறது. சேவை நிறுவனத்தை அழைத்து முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்கவேண்டிய தேவை இப்போதைக்கு இல்லை. கோளாறு ரௌட்டருக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அல்லது மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. தேடவேண்டிய இடம் சின்னதுதான்.

முதலில் கைப்பேசியை எடுங்கள்

இரண்டு நிமிடச் சோதனை. கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மக்கர் செய்யும் மடிக்கணினியை அதோடு இணைத்துப் பாருங்கள்.

இணையம் வந்துவிட்டதா? அப்படியென்றால் மடிக்கணினி பெரும்பாலும் நலம். சிக்கல் வீட்டு வைஃபையில், கேபிளில், அல்லது ரௌட்டரின் அமைப்பில். வரவில்லையா? ரௌட்டர் மேல் பழி போடாதீர்கள். மடிக்கணினிக்குள் தேடுங்கள்.

இதற்கு நேர்மாறான சோதனையும் உண்டு. அதே அறையில், அதே மேசையில் கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். ஆனால் முதலில் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். வைஃபை சரியில்லை என்றால் கைப்பேசி சத்தம் போடாமல் 5ஜிக்கு மாறிக்கொள்ளும். நீங்கள் "ஃபோன்ல வருதே, லேப்டாப்லதான் வரல" என்று நினைத்துத் தவறான பக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள். எனக்கே அப்படி ஓர் இரவு போயிருக்கிறது.

வீட்டுக்குள் இணையம் எப்படி வருகிறது?

சிங்கப்பூரில் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புதான். நெட்லிங்க் டிரஸ்ட்டின் கண்ணாடி இழைக் கம்பி உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியில் வந்து முடிகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி ஓஎன்டி எனும் பெட்டிக்குப் போகிறது. அது ஒளியை மின்சைகையாக மாற்றும். அதற்குப் பிறகுதான் ரௌட்டர். சில வீடுகளில் ஓஎன்டியும் ரௌட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

இதில் ரௌட்டர் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு வீவக புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதற்கு ஒரே எண்தான், புளோக் எண். உள்ளே நூற்றுக்கணக்கான வீடுகள். ஒவ்வொன்றுக்கும் மாடி எண், வீட்டு எண். தபால்காரர் புளோக்கைக் கண்டுபிடித்து வந்துவிடுவார். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்று கீழே இருக்கும் தபால்பெட்டிகள் பிரித்துத் தருகின்றன.

இணையத்தில் உங்கள் வீட்டுக்கு ஓர் எண் இருக்கிறது. அது புளோக் எண் மாதிரி. அதைச் சேவை நிறுவனம் தருகிறது. வீட்டுக்குள் இருக்கும் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஒவ்வொன்றுக்கும் ரௌட்டர் தனித்தனி எண் தருகிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். அந்த எண்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதே எண்களைத் தரலாம், மோதல் வராது. 5ஆம் மாடி, 123ஆம் எண் வீடு எத்தனையோ புளோக்குகளில் இருக்கிறதே, அதுபோலத்தான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கவேண்டும்? எண் பற்றாக்குறை. ஐபிவி4 எனும் பழைய எண் முறையில் மொத்தமே சுமார் 4.3 பில்லியன் எண்கள்தான். உலகளாவிய கையிருப்பு 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பொறுப்பான ஏப்நிக் அமைப்பும் கடைசி ஒதுக்கீட்டைத் தொட்டது. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு வெளி எண் என்பதுதான் வழக்கம்.

இதிலிருந்துதான் 'இரண்டாவது கணினி' சிக்கல்களில் ஆகப் பழையது பிறக்கிறது.

ஸ்விட்ச்சும் ரௌட்டரும் ஒன்றல்ல

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சின்னப் பெட்டி, பின்னால் நான்கைந்து துளைகள், முன்னால் மினுக்கும் விளக்குகள். ஸ்விட்ச் விலை குறைவு. அதனால் பலர் ஸ்விட்ச்சை வாங்கி வந்து ஓஎன்டியில் நேராகச் செருகிவிட்டு, அதிலிருந்து இரண்டு கணினிகளுக்குக் கேபிள் இழுப்பார்கள்.

முதல் கணினியில் இணையம் வரும். இரண்டாவதில் வராது.

காரணம் மேலே சொன்னதுதான். ஸ்விட்ச் எண் தராது. வந்ததை அப்படியே அனுப்பிவைக்கும், அவ்வளவே. இரண்டு கணினிகளும் சேவை நிறுவனத்திடம் நேராக எண் கேட்கின்றன. பெரும்பாலான வீட்டுச் சந்தாக்களில் கிடைப்பது ஒன்று. முந்திக்கொண்ட கணினி எடுத்துக்கொள்கிறது, அடுத்தது வெறுங்கையோடு நிற்கிறது.

இதில் இன்னொரு குழப்பம். "சரி, முதல் கணினியைக் கழற்றிவிட்டு இரண்டாவதைச் செருகுவோம்" என்று பார்ப்பீர்கள். அப்போதும் சில நேரம் வராது. எண் இன்னும் முதல் கணினியின் பெயரிலேயே பதிவாகியிருக்கும். ஓஎன்டியைச் சில நிமிடம் அணைத்துவைத்துவிட்டுப் போட்டால் வரலாம். அந்த நேரத்தில் நமக்குத் தோன்றுவது என்ன? "இரண்டாவது கணினி கெட்டுப்போச்சு." கெட்டுப்போகவே இல்லை.

தீர்வு: ஓஎன்டிக்கு அடுத்தது எப்போதும் ரௌட்டர். துளைகள் போதவில்லை என்றால் ஸ்விட்ச்சை ரௌட்டருக்குப் பின்னால் போடுங்கள். வரிசை மாறினால்தான் வம்பு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிக்கலும் இப்போது அதிகம். சேவை நிறுவனம் தந்த ரௌட்டர் ஒன்று, நீங்களே வாங்கிய ரௌட்டர் ஒன்று, இரண்டும் எண் கொடுத்துக்கொண்டிருக்கும். இணையம் வரும், ஆனால் அறையில் இருக்கும் கணினியால் ஹாலில் இருக்கும் பிரிண்டரைக் காண முடியாது. இரண்டு கணினிகளும் வெவ்வேறு புளோக்கில் குடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய ரௌட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால், எண் கொடுக்கும் வேலையைப் பழையதிடமே விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும்.

கணினியிடமே கேளுங்கள்

விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, சி, எம், டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். கருப்புத் திரை வரும். பயப்பட ஒன்றுமில்லை. அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். மேக் கணினியில் வைஃபை அமைப்புக்குள் உங்கள் நெட்வொர்க்கின் விவரங்களில் டிசிபி/ஐபி பகுதியைப் பாருங்கள்.

நீங்கள் தேடுவது ஐபிவி4 முகவரி எனும் வரி. வேலை செய்யும் கணினியிலும் இதையே செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் ஒன்று வீட்டிலேயே இருப்பதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி.

169.254 என்று தொடங்குகிறதா? இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "நான் எண் கேட்டேன், யாரும் பதில் சொல்லல, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்" என்று கணினி சொல்கிறது. மேசையில் கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராததால் தானே டோக்கன் எழுதி மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர் மாதிரி. அந்த எண்ணை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. ரௌட்டர் வரைக்கும் செய்தி போகவில்லை, அல்லது ரௌட்டர் எண் தர மறுக்கிறது. கேபிள், வைஃபை, ரௌட்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.

எண்ணே இல்லை, 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று வருகிறதா? கேபிள் செருகப்படவில்லை, அல்லது வைஃபை அணைந்திருக்கிறது. மடிக்கணினியின் விமானப் பயன்முறைப் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கலாம். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்.

முதல் கணினியில் 192.168.1 என்றும், இரண்டாவதில் 192.168.0 என்றும் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு ரௌட்டரிடம் எண் வாங்கியிருக்கின்றன. விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் இப்படித் தெரியலாம்.

இரண்டிலும் கடைசி எண் உட்பட எல்லாம் அச்சாக ஒன்றா? அதுதான் மோதல். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு கணினிக்குக் கையால் எண் போட்டு வைத்திருக்கிறார். ரௌட்டர் அது தெரியாமல் அதே எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டது. இரண்டும் மாறி மாறி வேலை செய்யும், மாறி மாறி நிற்கும். ஆக எரிச்சலூட்டும் கோளாறு இது. நெட்வொர்க் அமைப்பில் ஐபி ஒதுக்கீட்டை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கணினி, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த கணினி, நண்பர் சும்மா கொடுத்த கணினி, இவற்றில் இதை முதலில் பாருங்கள்.

எண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வரவில்லையா?

படிப்படியாகத் தட்டிப் பார்க்கலாம். அதே கருப்புத் திரையில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, ரௌட்டரின் எண்ணைப் போடுங்கள். ஐபிகான்ஃபிக் பட்டியலில் 'டீஃபால்ட் கேட்வே' என்று இருப்பதுதான் அது. பதில் வந்தால் ரௌட்டர் வரைக்கும் பாதை சரி. அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு அதையே செய்யுங்கள். அது கூகலின் பொதுச் சேவை எண். பதில் வந்தால் உங்கள் கணினி இணையத்தில்தான் இருக்கிறது!

"அப்புறம் ஏன் ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது?"

ஏனென்றால் கணினிக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். நீங்கள் தட்டும் இணையத்தள முகவரியை எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதற்கு டிஎன்எஸ் என்று பெயர். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை, இன்றும் அதுதான் ஓடுகிறது. எண்ணுக்குப் போட்ட பிங் வேலை செய்து, பெயருக்குப் போட்டது வேலை செய்யவில்லை என்றால் இந்தப் புத்தகம்தான் கைகொடுக்கவில்லை. இரண்டாவது கணினியில் மட்டும் இது நடந்தால், அதில் யாரோ டிஎன்எஸ் எண்ணை மாற்றி வைத்திருக்கவேண்டும். அதையும் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்புங்கள். விளம்பரத் தடுப்புச் செயலிகள் இதை மாற்றிவிட்டு, அழித்த பிறகும் பழையபடி வைக்காமல் போவது உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு தளமும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று மிரட்டுகிறதா? கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். அலமாரியில் ஈராண்டு தூங்கிய பழைய கணினியில் தேதி பின்தங்கியிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2019இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் கணினி இன்றைய சான்றிதழை ஏற்காது. தேதியைச் சரிசெய்தால் போதும்.

விபிஎன் செயலி பாதியில் அறுந்துபோய் முழு இணைப்பையும் பூட்டி வைத்திருப்பதும் உண்டு. ஹாட்ஸ்பாட்டிலும் வராத கணினிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்தது ப்ராக்ஸி அமைப்பு.

கேபிளை நம்பாதீர்கள்

கேபிளில் இணைத்திருந்தால் ஆக எளிய சோதனை: நன்றாக வேலை செய்யும் கணினியின் கேபிளைக் கழற்றி இதில் செருகுங்கள். வந்துவிட்டதா? கேபிளோ ரௌட்டரின் அந்தத் துளையோ குற்றவாளி.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு இருக்கும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு அதில் நான்கு போதும். 1 கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு முழுதாகப் போகாமல், 100க்கு இறங்கி ஓடலாம். 1 கிகாபிட் சந்தாவுக்குப் பணம் கட்டிவிட்டு, வேகச் சோதனையில் 94, 95 என்றே திரும்பத் திரும்ப வந்தால் சேவை நிறுவனத்தைத் திட்டுவதற்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

புதிய வீவக வீடுகளில் அறைச் சுவரிலேயே நெட்வொர்க் துளை இருக்கும். அதில் செருகியும் ஒன்றும் வரவில்லை என்று குழம்புபவர்கள் நிறையப் பேர். அந்தத் துளை ஒரு கம்பியின் ஒரு முனை மட்டுமே. மறுமுனை ஃபைபர் பெட்டி இருக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும். அங்கே அதை ரௌட்டரோடு யாராவது இணைத்திருக்கவேண்டும். இணைக்காவிட்டால் சுவரில் இருப்பது வெறும் ஓட்டைதான்.

வைஃபை: நடுவில் ஒரு கோட்டை

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கிறது. கனமான கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. வெடிப்பைத் தாங்கவேண்டிய சுவர், வைஃபை அலையை மட்டும் விட்டுவிடுமா? ஆனாலும் "வயரெல்லாம் அசிங்கமா இருக்கு" என்று அம்மாக்கள் ரௌட்டரை அதற்குள்தான் ஒளித்துவைப்பார்கள். கதவைத் திறந்துவைத்தால் ஹாலில் வரும். சாத்தினால் அறையில் போய்விடும். ரௌட்டரை வெளியே கொண்டுவருவதுதான் வழி. வயர் தெரிந்தால் தெரியட்டும்.

இரண்டாவது கணினி பெரும்பாலும் பழையதாக இருப்பதால் வரும் சிக்கல்கள் வேறு. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் எனும் அலைவரிசைகளில் வருகிறது. முதலாவது சுவர்களைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் வேலை செய்கிறது. இரண்டாவது வேகமானது, தூரம் குறைவு. சில பழைய கணினிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. புதிய ரௌட்டர் வாங்கிய மறுநாள் பழைய மடிக்கணினியின் பட்டியலில் வைஃபை பெயரே வரவில்லை என்றால், ரௌட்டர் அமைப்பில் 2.4 ஓடுகிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். முடிந்தால் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள்.

மறைச்சொல்லை மாற்றியிருந்தால், கணினி பழையதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று சொல்லிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

கெட்டுப்போகவில்லை, தடுத்திருக்கிறார்கள்

அக்கா வீட்டில் நடந்தது. அக்கா மகனின் மடிக்கணினியில் இரவானால் இணையம் போய்விடும். அன்று இரவு 11.59க்குள் ஒப்படைப்பைப் பதிவேற்றவேண்டும். எனக்கு அழைப்பு வந்தது. "சித்தி, சீக்கிரம் வாங்க, என்னன்னே தெரியல."

கேபிளை மாற்றினேன். எண் சரி. ரௌட்டருக்கு பிங் போகிறது, அதைத் தாண்டிப் போகவில்லை. அக்காவின் கணினியில் எல்லாம் கனஜோராக ஓடுகிறது. கடைசியில் என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பதிவேற்றினோம். மணி 11.40.

மறுநாளும் போனது. அப்போதுதான் கடிகாரத்தைக் கவனித்தேன். சரியாக 10 மணி. கோளாறுக்கு நேரம் பார்க்கத் தெரியாது. ரௌட்டரின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், பெற்றோர் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அவன் கணினி மட்டும், இரவு 10 முதல் காலை 6 வரை.

அத்தானிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் போட்டேன், ஒரு வருஷம் முன்னாடி. கேம் விளையாடிக்கிட்டே இருந்தான்ல. இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?" என்றார், தேநீரை ஆற்றிக்கொண்டே. ஓராண்டாக அவன் கேபிளைப் பிடுங்கிவிட்டு அக்காவின் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தது தனிக் கதை.

ஆக, ஒரு கணினி மட்டும், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நின்றால் ரௌட்டர் செயலிக்குள் தடைப்பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தனிநபர் கற்றல் சாதனங்களில் இன்னொரு அடுக்கு உண்டு. கல்வி அமைச்சின் திட்டத்தில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் அவை கிடைக்க வழிசெய்யப்பட்டது. அவற்றில் சாதன நிர்வாகச் செயலி இருக்கும். பள்ளி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை, மற்றவை திறக்கின்றன என்றால் அது இணையக் கோளாறு அல்ல. பள்ளியிடம் கேளுங்கள், நீங்களே செயலியை நோண்டாதீர்கள். அலுவலக மடிக்கணினிக்கும் இது பொருந்தும். நிறுவனத்தின் அமைப்பைக் கலைத்துவிட்டுத் திங்கள் காலை தகவல் தொழில்நுட்பப் பிரிவின் முன்னால் நிற்பது நல்ல அனுபவமாக இருக்காது.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

இப்போது ரௌட்டரை அணைத்துப் போடலாம். அப்பாவின் நாடகம் முடியட்டும். அரை நிமிடம் அணைத்துவைத்துப் போடுங்கள், முழுதாக எழுந்து நிற்க சில நிமிடம் ஆகும்.

ஆனால் ரௌட்டரின் பின்னால் ஊசித்துளை மாதிரி ஒன்று இருக்கும். அதில் பின்னைக் குத்தாதீர்கள். அது தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். வைஃபை பெயர், மறைச்சொல், அத்தான் போட்ட தடை எல்லாம் அழியும். சேவை நிறுவனம் போட்டுவைத்த அமைப்பும் சேர்ந்து போகலாம். ஒரு கணினியில் இல்லாத இணையம், வீடு முழுவதும் இல்லாமல் போகும். இரவு 11 மணிக்குச் செய்யும் காரியம் அல்ல.

விண்டோஸில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறது. அது அந்தக் கணினியை மட்டும் பாதிக்கும். சேமித்த வைஃபை மறைச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும், கணினி ஒருமுறை அணைந்து எழும். மேலே சொன்ன எதுவும் உதவவில்லை என்றால் முயலலாம்.

பதற்றத்தில் இருப்பவரைத் தேடி வருபவர்கள்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இணையம் போன நேரத்தில் மனம் பதறும். அந்தப் பதற்றத்தைத்தான் சிலர் எதிர்பார்க்கிறார்கள். தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, "உங்க வைஃபையில பிரச்சினை இருக்கு, நாங்க சரி பண்ணித் தர்றோம்" என்று அழைக்கும் மோசடி பற்றிச் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொல்வார்கள். நீங்கள் சம்மதித்தால் உங்கள் திரை அவர்கள் கையில். பிறகு ஏதோ காரணம் சொல்லி வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பார்கள்.

நீங்கள் அழைக்காமல் யாரும் உங்கள் வைஃபையைச் சரிசெய்ய அழைப்பதில்லை. தேடல் முடிவில் விளம்பரமாக வரும் 'உதவி எண்'ணையும் நம்பாதீர்கள். மாதக் கட்டணச் சீட்டில் இருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இதை அவர்களிடமும் இன்றே சொல்லிவையுங்கள். பகலில் தொலைபேசியை எடுப்பது அவர்கள்தானே.

உண்மையிலேயே சேவை நிறுவனத்தை அழைக்கவேண்டியிருந்தால், "நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு கணினியில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன். ஐபி எண் 169.254 என்று காட்டுகிறது. ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறது" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் முதல் பத்துக் கேள்விகளைத் தாண்டி நேராக விஷயத்துக்கு வருவார்.

நாளைக் காலை 9 மணிக்கு?

இதெல்லாம் செய்து பார்க்க நேரமில்லையா? கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, அமைப்பில் டெதரிங் போடுங்கள். வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட அது நிலையாக இருக்கும், கைப்பேசியும் சார்ஜ் ஆகும். ஒரு மணி நேரக் காணொளிச் சந்திப்பு 1 கிகாபைட் வரை இழுக்கலாம், உங்கள் மாதச் சந்தாவில் எவ்வளவு மிச்சம் என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கணினியில் தானியக்கப் புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் நேர்காணல் நடுவில் அது பாட்டுக்குப் பதிவிறக்க ஆரம்பித்துவிடும்.

அப்பாவிடம் கேட்டு ஹால் கணினியிலேயே உட்காரவும் செய்யலாம். கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று இன்றிரவே ஒருமுறை பாருங்கள். பின்னால் துணி காயப்போட்ட கம்பு தெரிகிறதா என்றும்.